இருங்காட்டுக்கோட்டைத் தடமும் தீவுத்திடல் தடமும்

பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் சில சனி, ஞாயிறுகளில் ஒரு சத்தம் கேட்கும். ஊருக்குப் புதியவர் அதைக் கம்பெனிச் சத்தம் என்றுதான் நினைப்பார். சிப்காட் தொழிற்பேட்டையில் சத்தத்துக்கா பஞ்சம்? கொஞ்சம் நின்று கேட்டால் வித்தியாசம் தெரியும். தொழிற்சாலை ஓசை ஒரே சுருதியில் நிற்கும். இது தூரத்தில் கொசுவாகத் தொடங்கி, கிட்ட வந்து அலறி, வளைவில் தொண்டை கம்மி, மறுபடி எகிறும். மதிலுக்கு அப்பால் பந்தயத் தடத்தில் யாரோ ஒரு சுற்று முடிக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஷிப்ட் மாற்றத்துக்குப் போகும் கம்பெனி பஸ்களில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஜன்னலில் தலை சாய்த்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தூக்கத்தில் இருப்பார்கள்.

அந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் அதைத் திறந்தது. அதற்கு முன்னால் மெட்ராஸ்காரர்களுக்குக் கார் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டு, போர் முடிந்ததும் கைவிட்ட விமான ஓடுபாதை அது. அரசாங்கம் வேறொரு வேலைக்குக் கொட்டிய கான்கிரீட்டின் மேல் கிளப் பந்தயம் விட்டது. ஜனங்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்குக் கிடைத்த முதல் அரசு மானியம் என்று சோழவரத்தைச் சொல்லலாம். கேட்காமல் கிடைத்தது, கணக்கிலும் ஏறாதது. பிறகு கிளப் தனக்கென்று ஒரு தடம் கட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது பக்கத்தில் ஹூண்டாய் இல்லை. அந்தக் கம்பெனி அடிக்கல் நாட்டியது 1996-ல். முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். கார் கம்பெனிக்கு முன்பே கார் பந்தயம் வந்துவிட்ட ஊர் இது.

இப்படி ஒரு தடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தமிழ்நாடு அரசு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை நகரத்துக்குள்ளேயே ஃபார்முலா 4 பந்தயம் நடத்தியது. தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, நேப்பியர் பாலம், சுவாமி சிவானந்தா சாலை என்று 3.5 கிலோமீட்டர் தெருத் தடம். இரவு விளக்கில் பந்தயம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் என்ற தனியார் நிறுவனமும் கூட்டாக நடத்தின. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நிற்கும்போது யார் பந்தயம் பார்ப்பார்கள்? தள்ளிவைத்தார்கள்.

இதற்கு நடுவில் நீதிமன்றமும் வந்தது. நகரின் நடுவில், ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும் ஓமந்தூரார் மருத்துவமனைக்கும் பக்கத்தில், அரசுப் பணத்தில் தனியார் பந்தயம் எதற்கு, இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்கிறதே என்று பொதுநல வழக்குகள் போடப்பட்டன. அரசு தன் பங்காக 42 கோடி ரூபாயும், தனியார் நிறுவனம் 202 கோடி ரூபாயும் என்பது நீதிமன்றத்தில் பேசப்பட்ட கணக்கு. 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் ஆர். மகாதேவன், முகமது ஷபிக் அமர்வு பந்தயத்துக்கு அனுமதி கொடுத்தது. அரசு செலவழித்த 42 கோடியை அந்தத் தனியார் நிறுவனம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. சரியாக ஓராண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. விளையாட்டுப் போட்டியைத் தனியாரோடு சேர்ந்து நடத்துவதா வேண்டாமா, எவ்வளவு போடுவது என்பதெல்லாம் அரசின் கொள்கை விஷயம், நீதிமன்றம் புகுந்து பங்கு பிரிக்கக் கூடாது என்பது அதன் நிலை.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 42 கோடி கொடுத்து ஊருக்கு என்ன வந்தது என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. தீர்ப்பது அதன் வேலையும் இல்லை. இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருப்பது அந்த மிச்சக் கேள்வியைத்தான்.

முதலில் பந்தயத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பந்தயப் பிரியர்கள் எங்கே இருந்தாலும் தேடிக்கொண்டு போவார்கள். மற்றவர்களுக்கு அங்கே ஒரு தடம் இருப்பதே தெரியாது. தீவுத்திடலில் நடந்தால் வெளியூர்த் தொலைக்காட்சியில் நேப்பியர் பாலம் தெரியும். முதலீடு தேடும் மாநிலத்துக்கு அப்படி ஒரு படம் விளம்பரம். 42 கோடியில் ஒரு பகுதி சாலை போடப் போனது. பந்தயம் முடிந்த மறுநாள் அதே சாலையில் மாநகரப் பேருந்து ஓடியது. தமிழ்நாட்டின் ஆண்டு வரவுசெலவு 3 லட்சம் கோடிக்கு மேல். அதை ஒரு லட்ச ரூபாய்ச் சம்பளமாகச் சுருக்கிப் பார்த்தால் இந்தப் பந்தயச் செலவு பதினாலு ரூபாய்கூட வராது. ஒரு டீக்காசு. இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா?

டீக்காசுதான். ஆனால் மானியங்கள் தனியாக வருவதில்லை, வரிசையாக வரும். ஒன்றுக்குக் கணக்குக் கேட்காமல் விட்டால் அடுத்ததற்குக் கேட்கும் பழக்கமே போய்விடும்.

விளையாட்டு அரங்கங்களால் ஊர் செழிக்கும் என்ற பேச்சை அமெரிக்காவில் ஐம்பது வருடமாகச் சோதித்திருக்கிறார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் இருவரும் தொகுத்து 1997-ல் வந்த ஆய்வு நூல் முதல் இன்றுவரை, பொருளாதாரக்காரர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு முடிவுக்கு வந்த விஷயங்கள் குறைவு: பொதுப் பணத்தில் கட்டிய அரங்கம் அந்தப் பணத்துக்கு ஈடான வருமானத்தை ஊருக்குக் கொண்டுவருவதில்லை. காரணம் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீட்டில் நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் பொழுதுபோக்குக்கு என்று அவன் கையில் ஆயிரம் ரூபாய் நிற்கும். சினிமா, பிரியாணி, போனுக்கு ரீசார்ஜ். பந்தய டிக்கெட் வாங்கினால் அந்த மாதம் பிரியாணிக் கடைக்கு அவன் வரமாட்டான். பணம் புதிதாகப் பிறக்கவில்லை, கடை மாறியது. ‘பந்தயத்தால் இவ்வளவு கோடி வியாபாரம்’ என்று அறிக்கை விடுகிறவர்கள் புதுக் கடையின் கல்லாவை மட்டும் எண்ணுவார்கள். காலியாகிப்போன கல்லாவை எண்ண மாட்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கி, இங்கே சாப்பிட்டுப் போகிறவர்களின் பணம் மட்டும்தான் உண்மையில் புதிது. அதிலும் ஓட்டை உண்டு. இந்திய ஃபார்முலா 4-ல் ஓடுவது பிரான்ஸ் நாட்டு மைகேல் நிறுவனத்தின் கார், அதில் அல்பீன் எஞ்சின். அல்பீன், ஒரகடத்தில் கார் செய்யும் ரெனோ குழுமத்தின் பிராண்டுதான் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்தப் பந்தயக் காரின் திருகாணி ஒன்றுகூட ஒரகடத்தில் முடுக்கப்படுவதில்லை. காரும் தொழில்நுட்பமும் வெளியே, செலவழித்த பணத்தின் ஒரு பெரும்பங்கும் வெளியே. ஊரில் தங்குவது பாதுகாவலர் கூலி, தடுப்பு கட்டிய காண்ட்ராக்ட், தண்ணீர் பாட்டில் வியாபாரம்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழும், எழ வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு ‘தனியாருக்கு அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்’ என்று கேட்பது கொஞ்சம் வேடிக்கை இல்லையா? இந்த நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்பவை மானியத்தில் வளர்ந்தவை. சிப்காட் நிலம், முத்திரைத் தீர்வைச் சலுகை, மின்வரி விலக்கு, கட்டிய விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஊக்கத் தொகுப்பு. பெரிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், அதன் பின்னால் ஓர் அரசாணை. ஒரகடத்தில் மத்திய அரசே சுமார் 300 ஏக்கரில் தடம் போட்டிருக்கிறது, பந்தயத்துக்கு அல்ல, வண்டிகளைச் சோதிக்க. நாட்ரிப் என்ற வாகனச் சோதனைத் திட்டத்தின் கீழ் வந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அது. 2005-ல் நாடு முழுவதற்கும் சேர்த்து 1,718 கோடி என்று தொடங்கிய திட்டம், 2016-ல் 3,727 கோடியாக வீங்கி நின்றது. அரசு தடம் போட்டால் செலவு எப்படி ஏறும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். ஆனாலும் அந்த மையத்தைப் பற்றி யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அங்கே காரை மோதிப் பார்க்கிற கம்பெனி கட்டணம் கட்டுகிறது. சோதனை இல்லாமல் வண்டி விற்க முடியாது. வேலை நாளெல்லாம் அங்கே வேலை நடக்கிறது.

தொழிற்சாலை மானியத்திலும் ஏமாற்றம் உண்டு. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலையில் உச்சத்தில் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரித் தகராறு ஒரு பக்கம், பட்டன் போன் காலாவதியானது ஒரு பக்கம். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெண்களை இந்தப் பகுதியில் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோல்வியை எடைபோட முடிந்ததற்குக் காரணம், கொடுத்தபோதே எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதிவைத்திருந்தார்கள்: எவ்வளவு முதலீடு, எத்தனை வேலை, எத்தனை வருடம். சொன்னது நடந்ததா இல்லையா என்று பின்னால் வந்தவர்கள் கேட்க முடிந்தது.

விளையாட்டு மானியத்தில் அந்தக் காகிதம்தான் கண்ணில் படுவதில்லை. 42 கோடிக்குப் பதிலாக எத்தனை வெளியூர்ப் பார்வையாளர், எத்தனை ஆண்டுக்குப் பந்தயம், லாபம் வந்தால் அரசுக்கு எவ்வளவு, அடுத்த வருடம் நடக்காவிட்டால் யார் பொறுப்பு? கம்பெனிக்காரனிடம் கேட்கிற கேள்வியைப் பந்தயக்காரனிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசாகக் கொடுப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. நிலமாகக் கொடுத்தால் அதுவும் தெரியாது. கிண்டி குதிரைப் பந்தய மைதானம் பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய உதாரணம். 1945-ல் சுமார் 160 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு அரசு கொடுத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை. கிண்டியில் இன்று அந்தக் காசுக்கு ஒரு மிட்டாய் வாங்கலாம். வாடகையை உயர்த்த வேண்டும் என்று 1970-ல் தொடங்கிய இழுபறி, 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கி என்ற எண்ணாக வந்து நின்றது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. பூங்காவும் குளமும் வருகின்றன. ஏறக்குறைய எண்பது வருடம் எந்த நிதிநிலை அறிக்கையிலும் ‘குதிரைப் பந்தய மானியம்’ என்று ஒரு வரி இருந்ததில்லை. இருந்திருந்தால் சட்டமன்றத்தில் என்ன ரகளை ஆகியிருக்கும்!

டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் வேறு மாதிரி நடந்தது. ஜேபீ குழுமம் அங்கே 5.125 கிலோமீட்டர் புத்தா தடத்தைக் கட்டி, 2011-ல் ஃபார்முலா 1 பந்தயத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அரசு கையைவிட்டுக் காசு கொடுக்கவில்லை. யமுனா விரைவுச்சாலை ஆணையம் நிலம் ஒதுக்கியது. உத்தரப் பிரதேச அரசு அதை விளையாட்டாகவே ஏற்காமல் கேளிக்கை வரி கேட்டது. 2011, 2012, 2013 என்று மூன்றே பந்தயம். அதோடு ஃபார்முலா 1 மூட்டை கட்டியது. 2023-ல் மோட்டோ ஜிபி ஒருமுறை வந்துபோனது. நிலுவைத் தொகை கட்டவில்லை என்று நில ஒதுக்கீட்டை ஆணையம் 2020-ல் ரத்து செய்தது. பந்தயம் என்பது வருடத்துக்கு மூன்று நாள். மீதி 362 நாளுக்கு அந்தத் தாரை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி, தனியார் கட்டினாலும் அரசு கட்டினாலும்.

ஹைதராபாத் கதையில் ஆட்சி மாற்றம் சேர்ந்துகொண்டது. 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ மின்சாரக் கார் பந்தயம் கோலாகலமாக நடந்தது. அந்த வருடக் கடைசியில் தேர்தல், ஆட்சி மாறியது, 2024 பந்தயம் ரத்து. அடுத்த பந்தயத்துக்காக முன்கூட்டியே போன சுமார் 55 கோடி ரூபாயைப் பற்றி ஊழல் தடுப்புப் பிரிவு முன்னாள் அமைச்சர் கே.டி. ராமாராவ் மீது வழக்குப் பதிந்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்று தெரிகிறது: ஒரு மந்திரியின் ஆர்வத்தில் வந்த பந்தயம் அந்த மந்திரியோடு போய்விடும். சென்னைப் பந்தயத்தின் பின்னாலும் ஒரு துறை அமைச்சரின் ஆர்வம் இருந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை.

கட்டிடமாக நிற்கும் மானியத்துக்கு வருவோம். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில், சுமார் 63 கோடி ரூபாயில் கட்டிய ‘கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம்’ 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. கட்டிடம் நன்றாகவே இருக்கிறது. கேலரியிலிருந்து பார்த்தால் வாடிவாசல் தெளிவாகத் தெரிகிறது, மரத்தில் ஏறித் தொங்க வேண்டியதில்லை. ஆனால் பொங்கல் வந்தால் அவனியாபுரம் அவனியாபுரத்தில்தான் மாடு விடுகிறது, பாலமேடு பாலமேட்டில், அலங்காநல்லூர் தன் முனியாண்டி கோயில் வாசலில். அந்த மாடு முதலில் சாமி மாடு. எந்தத் தெரு வழியாக வர வேண்டும், யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் ஊர் தீர்மானித்துப் பல தலைமுறை ஆயிற்று. அதை அப்படியே பெயர்த்துக் கேலரிக்குள் வைக்க முடியாது என்று மதுரைக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். புது அரங்கத்துக்குத் தனியாகப் போட்டிகள் வைக்க வேண்டியிருக்கிறது. வருடத்தில் எத்தனை நாள் கேட் திறக்கிறது என்ற பலகை ஒன்றை வாசலிலேயே மாட்டினால் 63 கோடியின் நியாயம் தானே விளங்கும்.

இலங்கையில் இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. 2011 உலகக் கோப்பைக்காக அம்பாந்தோட்டையின் சூரியவெவவில் 35,000 பேர் உட்காரும் அரங்கம் எழுந்தது. பெயர் மகிந்த ராஜபக்ச அரங்கம், அது அவர் சொந்த மாவட்டம். உலகக் கோப்பையில் அதற்குக் கிடைத்தது இரண்டு ஆட்டம். கடன் எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்குக் கனடா உதாரணம்: மான்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்தின் கடனை 2006-ல்தான் கட்டி முடித்தது. அந்த நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர்களெல்லாம் அந்தக் கடனுக்கு வரி கட்டியவர்கள். 1976-ல் பிறக்காத பிள்ளைகளும் அதில் உண்டு.

நல்ல பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம் 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் டிராபி, 2007-ல் ஆசியக் கோப்பை, 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை என்று ஓடிக்கொண்டேயிருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் அங்கே ஸ்கூல் பிள்ளைகள் மட்டையோடு நிற்கிறார்கள். கேலரி சின்னது, தரை நல்லது, அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கமோ இருபது வருடம் சென்னை ஓப்பன் நடத்தியது. 2018-ல் அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. ஸ்பான்சர் எங்கே போகிறாரோ அங்கே போட்டி போகும். அரங்கம் போகாது. போட்டி போன பிறகும் அங்கே பயிற்சி நடந்ததாலும், 2022-ல் பெண்கள் போட்டியாகச் சென்னை ஓப்பன் திரும்பி வந்ததாலும் அது பிழைத்தது.

2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் இன்னும் நல்ல கணக்கு. உக்ரைன் போரால் ரஷ்யாவின் கையைவிட்டுப் போன போட்டியை நாலே மாதத்தில் இங்கே நடத்திக் காட்டினார்கள். சுமார் 92 கோடி ஒதுக்கினார்கள். ஃபார்முலா 4-க்குப் போட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் ஒரு நட்சத்திர ஹோட்டல் வளாகமும் அதை ஒட்டிய மண்டபமும் போதுமாக இருந்தன. போட்டி முடிந்ததும் நாற்காலியை மடித்தாயிற்று, பராமரிக்க ஒரு யானையும் மிச்சமில்லை. நேப்பியர் பாலத்தில் அப்போதும் வேடிக்கை இருந்தது, கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்கள். அந்த வருடம் இந்தியாவின் ‘பி’ அணியில் முதல் பலகையில் ஆடித் தனிநபர் தங்கம் வாங்கிய குகேஷ், 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனார். ஒலிம்பியாட் நடத்தியதால்தான் ஆனார் என்று சொல்வது தம்பட்டம். அதற்கு முன்பே சென்னையில் செஸ் வேர்விட்டிருந்தது. ஆனந்தும் பயிற்சியாளர்களும் பள்ளிகளும் சேர்ந்து வளர்த்த மரத்துக்கு அரசு ஒரு வாளி தண்ணீர் ஊற்றியது. அந்த ஒரு வாளிக்குப் பலன் உண்டு. மரமே இல்லாத இடத்தில் ஊற்றினால் சேறுதான்.

மோட்டார் பந்தயத்துக்கும் தமிழ்நாட்டில் மரம் இருக்கிறது என்பதைப் பந்தய எதிர்ப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து முதலில் ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். இரண்டாவது ஆள் கருண் சந்தோக் சென்னைக்காரர். கோவை செட்டிபாளையத்தில் மறைந்த கரிவரதன் பெயரில் ஒரு தடம் இருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு செய்யும் கான்டினென்டல் ஜிடி பைக்குகளுக்கென்றே ஒரு பந்தயத் தொடர் 2021 முதல் நடக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளிச் செய்த வண்டியே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு வருகிறது. மானியம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதை ஏன் இங்கே கொடுக்கவில்லை? பழைய தடத்தின் தடுப்புகளைப் பலப்படுத்த, மருத்துவ வசதி பெருக்க, பூந்தமல்லியிலிருந்து பந்தய நாளில் பஸ் விட, பாலிடெக்னிக் மாணவர்களைப் பந்தயப் பட்டறைக்குள் விட்டு எஞ்சின் கழற்றக் கற்றுத்தர. 42 கோடியில் இதெல்லாம் தாராளமாக நடந்திருக்கும். விளக்கை அணைத்த பிறகும் தடம் இருந்திருக்கும். தொலைக்காட்சியில் மட்டும் நேப்பியர் பாலம் தெரிந்திருக்காது.

பந்தய நாளிலும் எல்லாம் திட்டப்படி நடக்கவில்லை. சனிக்கிழமை மழை. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் வந்தால்தான் கார் நகரலாம். நீதிமன்றம் வைத்த கெடு மதியம், அதை இரவு 8 மணிவரை நீட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து, பந்தயம் கொஞ்சம் நின்றது. தெருவில் பந்தயம் விட்டால் தெருவில் இருப்பவர் வரத்தானே செய்வார்.

இதற்கு இரண்டே வாரத்துக்கு முன், 2024 ஆகஸ்ட் 17 அன்று, இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இன்னொரு திறப்பு விழா நடந்தது. வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு. ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ வந்திருந்தார். 2021 டிசம்பரில் அந்தக் கம்பெனிப் பெண்கள் தங்கிய விடுதிச் சாப்பாட்டில் பலர் நோயுற்று, பெண்கள் இந்த நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்து மறித்த போராட்டத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டிடம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இதுவும் பொது நிறுவனமான சிப்காட் கடன் வாங்கிக் கட்டியது, இதனால் லாபம் அடைகிறவர்களில் ஒரு தனியார் கம்பெனியும் உண்டு. ஆனால் 365 நாளும் அங்கே ஆள் படுக்கிறார்கள்.

706 கோடிக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்கலாம். சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாய் என்று அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 234 தொகுதிக்கும் கட்டினால் 702 கோடி. ஒரு தீவுத்திடல் பந்தயத்தின் அரசுப் பங்கில் இப்படி 14 அரங்கம் கட்டலாம். கீழக்கரைச் செலவில் 21. ஓடுதளம், கபடித் திடல், கைப்பந்துத் திடல், ஒரு கழிப்பறை, ஒரு வாட்ச்மேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சி எதுவும் வராது. இந்தத் திட்டத்திலும் கட்டும் காசுதான் ஆணையில் இருக்கும், வாட்ச்மேன் சம்பளமும் கரன்ட் பில்லும் ஐந்தாவது வருடம் யார் தலையில் என்று கேட்டால் பதில் இழுக்கும். சிறியது என்பதாலேயே கணக்கிலிருந்து தப்பிவிடக் கூடாது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண் நடந்துபோகும் தூரத்தில் ஒரு கைப்பந்துத் திடல் இருப்பதற்கும், நகரத்தில் வருடத்துக்கு இரண்டு இரவு விளக்கு எரிவதற்கும் நடுவில் பொதுப்பணம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் இந்தப் பொழிவுக்குத் தடுமாற்றம் இல்லை.

2025 ஆகஸ்டில் அதே பந்தயத் தொடர் செட்டிபாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்தது. தடம் பழைய தடம்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி வேறு ஆட்டமும் நடக்கும். ஏரி வறண்ட மாதங்களில் உள்வாயில் டென்னிஸ் பால் கிரிக்கெட். ஒடிசா பையன்கள் ஒரு டீம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பையன்கள் ஒரு டீம், தோற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். ஸ்டம்புக்குப் பதில் பெயின்ட் டப்பா. ஏரியில் தண்ணீர் ஏறினால் ஆட்டம் சிப்காட்டில் இன்னும் கம்பெனி வராத காலி மனைக்கு மாறும். அங்கே முள்வேலி ஒரு இடத்தில் பிரிந்திருக்கும், அதுதான் கேட். செக்யூரிட்டி வந்து விசில் ஊதும்வரை எத்தனை ஓவர் போட முடிகிறதோ அத்தனை ஓவர்.